பெயரின்றிக் கடல் கடந்த இசை

மணிப்பவள நடை தமிழுக்குச் செய்த கேட்டைப் பற்றி வகுப்பில் சற்றுச் சினந்தே பேசிவிட்டு வெளியே வந்தேன். தாழ்வாரத்தில் ஒரு மாணாக்கன் காத்து நின்றான். பத்தாம் வகுப்பினன், அடக்கமானவன், மாலைதோறும் வயலின் பயில்கின்றவன். "ஐயா, கலப்பது பிழை என்கின்றீர்கள். நான் கற்கும் கருவியே வெள்ளைக்காரர் கொண்டுவந்தது. அப்படியானால் நான் செய்வதும் பிழைதானா?" என்றான். அதனோடும் விட்டானில்லை. தமையனின் கைப்பேசியைப் பையிலிருந்து எடுத்து, எல். சுப்பிரமணியம் என்னும் வயலின் கலைஞர் மேலைநாட்டுப் பல்லியக் குழுவொன்றின் நடுவே அமர்ந்து இசைக்கும் பதிவைக் காட்டி, "இவரை என்னவென்று சொல்வது, ஐயா?" என மற்றொரு வினாவையும் போட்டான். (பள்ளிக்குக் கைப்பேசி கொணர்ந்ததற்காகக் கடிந்துகொண்டிருக்க வேண்டியவன் யான். அன்று அது நினைவிற்கே வரவில்லை.)

முப்பதாண்டு ஆசிரியப் பணியில், விடை தெரியாமல் மாணாக்கன் முன் நின்ற நாள்கள் சில உண்டு. அவற்றுள் அஃதும் ஒன்று. "நாளை சொல்கின்றேன்" என்று கூறி விடுத்தேன். அந்த நாளை வருவதற்கு மூன்று கிழமை ஆயிற்று. அம்மூன்று கிழமையும் படித்ததையும் கேட்டதையும் எண்ணியதையும் நம் அன்பர்கள்முன் வைக்கின்றேன்.

முன்பெல்லாம் இதற்கு என்னிடம் ஆயத்த விடையொன்று இருந்தது. ஆங்கிலப் பெயர்ச்சொல்லோடு 'பண்ணினேன்' என்று ஒட்டிப் பேசும் நடை எப்படியோ, அப்படியே நம் பண்ணோடு மேலைநாட்டு முழவையும் கித்தாரையும் ஒட்டி இசைக்கும் இசையும் என்பதே அவ்விடை. மேடைகளிலும் அவ்வாறே பேசியிருக்கின்றேன், கைதட்டும் பெற்றிருக்கின்றேன். அவ்விடையை அம்மாணாக்கனின் முதல் வினாவே உடைத்துவிட்டது. வயலினே கலப்பென்றால், இருநூறாண்டாக நம் இசையரங்குகளில் பாடுவார் பக்கத்தில் அமர்ந்திருக்கும் கருவி எது? அதனை வெளியேற்றிவிட்டு இசையரங்கு நடத்த நம்முள் எவர் ஆயத்தமாய் உள்ளார்?

வயலின் வந்த கதை நன்கறியப்பட்டதே. முத்துசாமி தீட்சிதரின் இளவல் பாலுசாமி தீட்சிதர், சென்னைக்கு அருகிலுள்ள மணலியில் ஐரோப்பிய இசைக்காரர் ஒருவரிடம் அதனைக் கற்றார். தஞ்சை நால்வருள் இளையவரான வடிவேலுவோ அதனில் பெருந்திறம் பெற்று, திருவிதாங்கூர் அரசர் சுவாதித் திருநாளிடம் 1834இல் தந்தத்தாலாய வயலினையே பரிசிலாகப் பெற்றார். வந்த கதை இவ்வளவே. வந்த கருவியை நம்மவர் என்ன செய்தனர் என்பதன்றோ நாம் உற்று நோக்கத் தக்கது!

ஐரோப்பியர் நின்றோ நாற்காலியில் அமர்ந்தோ, அதனைத் தோளில் ஏற்றி மோவாயால் அழுத்திப் பிடிப்பர். நம்மவர் தரையில் அமர்ந்தனர். கருவியின் ஒரு முனையை மார்பிலும் தோளிலும் சார்த்தி, மறுமுனையை வலக்காலின் கணுக்காற்பக்கம் ஊன்றினர். ஏன் இப்படிச் செய்தனர்? கருவியின் சுமையைக் காலும் தோளும் தாங்கிக்கொண்டதால் இடக்கை முற்றும் விடுதலை பெற்றது. விரல் நரம்பின்மேல் மேலும் கீழும் தடையின்றி வழுக்கிச் செல்லவும், ஒரு சுரத்திற்கும் அடுத்த சுரத்திற்கும் இடையே உள்ள வெளியை அசைத்தும் குழைத்தும் நிரப்பவும் இயன்றது. அவர்களுடைய வயலினில் நான்கு நரம்புகளுள் ஒவ்வொன்றும் முன்னதன் இளியாக நிற்கும். ஆகவே நான்கும் நான்கு வெவ்வேறு சுரம். நம்மவர் அம்முறையை மாற்றிக் குரல், இளி, மீண்டும் குரல், இளி என்று கூட்டினர். இன்றைய வழக்கில் சட்சமம், பஞ்சமம் எனப்படுபவற்றிற்கு நம் முன்னோர் இட்ட பெயர்களே குரலும் இளியும் என்பதை இவ்விதழ் படிப்போர்க்குச் சொல்ல வேண்டுவதில்லை.

கருவி அயலது, கூட்டிய முறை நமது, அமர்ந்த அமர்வு நமது, விரல் போகும் வழி நமது. அயற்சொல் தமிழுக்குள் வந்தால் தமிழெழுத்துக்கு அடங்கி வரவேண்டும் என்பது நம் இலக்கண நெறி. வயலின் அந்நெறிக்கு அடங்கி வந்த கருவி. (இதனை 'வில்யாழ்' என்று வழங்குவாரும் உளர். சங்கச் செய்யுள் கூறும் வில்யாழ் வேறு; அது வில்போல் வளைந்து விரலால் மீட்டப்படுவது, வில்லால் இழைக்கப்படுவதன்று. பழைய பெயரொன்றைப் பொருந்தாப் பொருளுக்குச் சூட்டிவிட்டுத் தமிழ்ப்பணி செய்துவிட்டதாக மகிழ்வதைக் காட்டிலும், வயலின் என்றே வழங்குவது நேர்மை.)

இனி, இரண்டாம் வினாவிற்கு வருவோம்.

விபுலானந்த அடிகளின் யாழ்நூல் திருக்கொள்ளம்பூதூரில் அரங்கேறியது 1947 சூன் திங்களில். பழந்தமிழர் யாழையும் அதன் பண்களையும் கணக்கிட்டு மீட்டுத் தந்த அப்பெருமகனார் சூலை 19ஆம் நாள் மறைந்தார். அதற்கு நான்கு நாள் கழித்து, சூலை 23ஆம் நாள், சுப்பிரமணியம் பிறந்தார். இதில் ஊழின் கையைக் காண்பவன் அல்லேன் யான். ஆயினும் இந்நாள்களை அடுத்தடுத்து எழுதிப் பார்த்தபோது கை சற்று நின்றது. ஏனெனில் அக்குழந்தை வளர்ந்தது யாழ்ப்பாணத்தில். யாழிசைத்த பாணன் ஒருவன் பரிசிலாகப் பெற்ற நிலம் என்று பெயர்க்கதை கூறும் மண் அது. தந்தையார் வி. இலட்சுமிநாராயணர் அங்கே இசை ஆசிரியர். தாயார் சீதாலட்சுமி பாட்டிலும் வீணையிலும் வல்லவர். மூத்தவர் வைத்தியநாதன், இளையவர் சங்கர் என மற்ற இரு மைந்தரும் வயலினோடே வளர்ந்தனர். ஆறு அகவையிலேயே சுப்பிரமணியம் மேடையேறிவிட்டார்.

1958இல் இலங்கையில் தமிழர்மேல் ஏவப்பட்ட வன்முறைக்குப் பின்னர் அக்குடும்பம் யாழ்ப்பாணத்தை விட்டுச் சென்னைக்குப் பெயர்ந்தது. அவரது வாழ்க்கைக் குறிப்புகளுள் இச்செய்தி பெரும்பாலும் ஒரே வரியில் முடிந்துவிடுகின்றது. பதினோரு அகவைப் பிள்ளையொருவன், தமிழன் வாழும் தெரு என்பதற்காகவே ஒரு நாட்டில் தெருக்கள் எரிவதைக் கண்டு கடல் கடந்தான் என்பது ஒரு வரியில் முடியும் செய்தியா? அவர் பின்னாளில் கடந்த கடல்கள் பல. முதலிற் கடந்த கடல் அஃதே.

தந்தையார்க்கு ஒரு வேட்கை இருந்தது. வயலின் என்றென்றும் பாடுவார் பக்கத்தில் அமர்ந்து, அவர் விட்ட இடத்தை எடுத்து நிரப்பும் பணியாளாக இருத்தலாகாது. தனித்து நின்று அரங்காள வேண்டும் என்பது அது. மூன்று மைந்தரும் அவ்வேட்கையைச் சுமந்து ஒரே மேடையில் மூவராக இசைத்தனர். சுப்பிரமணியம் செம்பை வைத்தியநாதர் போன்ற முதுபெரும் பாடகர்க்குப் பக்கம் இசைத்துத் தேர்ந்தார். சென்னை மருத்துவக் கல்லூரியில் பயின்று மருத்துவப் பட்டமும் பெற்றார். 1972இல் 'வயலின் சக்கரவர்த்தி' என்ற பட்டம் அளிக்கப்பட்டது. (வேந்தர் என்றிருந்தால் வில்லின் ஒலி குறைந்திருக்குமோ?) பின்னர், மருத்துவத்தை விடுத்து அமெரிக்காவின் கலிபோர்னியாக் கலைக் கழகத்தில் மேலைநாட்டு இசையை முறையாகக் கற்று முதுகலைப் பட்டம் பெற்றார்.

இந்தக் கடைசிச் செய்தியில்தான் யான் நெடுநேரம் நின்றேன். 1974இல் இரவிசங்கரும் சார்சு ஆரிசனும் அமைத்த குழுவில் ஐரோப்பாவிலும் அமெரிக்காவிலும் இசைத்தார் அவர். அமெரிக்கக் கருப்பின மக்கள் வளர்த்தெடுத்த சாசு இசையின் கலைஞர் எர்பி ஆன்காக்குடன் இசைத்தார். அவ்விசையைப் பிரான்சு நாட்டில் வயலினுக்குப் பழக்கிய முதியவர் இசுதெபான் கிரப்பெல்லியுடன் அமர்ந்து இசைத்தார். 1985இல் சூபின் மேத்தா நடத்திய நியூயார்க்கு பிலார்மோனிக் என்னும் பல்லியக் குழுவிற்கெனத் தாமே ஒரு படைப்பை இயற்றி, அவர்கள் நடுவே அமர்ந்து இசைத்தார். அப்படைப்பை ஒரு குழு இசைக்க வேண்டுமானால், ஒவ்வொரு கருவிக்கும் உரிய பகுதியை அவர்களுடைய குறியீட்டில் முழுமையாக எழுதித் தரவேண்டும். நம் இசையில் ஒரு பண்ணை ஒருவர் தம் போக்கில் விரித்துச் செல்வார். அவர்கள் இசையிலோ ஒரே வேளையில் பல சுரங்கள் அடுக்காக ஒலிக்கும். நேராக நிற்கும் அச்சுர அடுக்கின்மேல் நம் குழைவான சுரத்தை வைத்தால் இரண்டும் மோதும். எங்கே அடுக்கை மெலிவிப்பது, எங்கே பல்லியத்தை முற்றும் அடக்கி வில்லைத் தனியே விடுவது என்பதை இரண்டு இலக்கணமும் அறிந்தவரே அறிவார்.

ஆங்கிலமும் அறியாமல் தமிழும் அறியாமல் இரண்டையும் பிசைந்து பேசுகின்றவன் ஒருவன். தமிழைத் தமிழாகவும் ஆங்கிலத்தை ஆங்கிலமாகவும் பேசக் கற்று, இரு மொழியாரிடையே நின்று உரையாடுகின்றவன் மற்றொருவன். முன்னவனைக் கடியும் வாயால் பின்னவனையும் கடிதல் முறையாகுமோ? மறைமலையடிகள் ஆங்கிலம் வல்லவர். பாவாணர் பன்மொழி வல்லவர். அவர்கள் எழுத்தில் தமிழ் குலைந்ததா? பிற மொழியை எல்லையறிந்து கற்றதனாலன்றோ தம் மொழியின் எல்லையை அவர்கள் காக்க வல்லாராயினர்! சுப்பிரமணியத்தை அவ்வரிசையில் வைக்கின்றேன் என்று எவரும் கொள்ளற்க. ஆனால் பிசைகின்றவர் வரிசையிலும் அவரை வைக்க என் கை வரவில்லை.

குறை இல்லையா? உண்டு. கேட்ட பதிவுகளுள் சிலவற்றில் விரைவே வித்தையாகிவிட்டது. வயலின் ஒன்றைச் சொல்ல, முழவு அதனைத் திருப்பிச் சொல்ல, மறுபடியும் இரட்டை விரைவில் வயலின் சொல்ல, இறுதியில் அவையோர் எழுந்து ஆரவாரிக்கும் அந்தப் பந்தயம் முதல் முறை கேட்கச் சுவைக்கும். மூன்றாம் முறை சலிக்கும். அத்தகைய இடங்களில் பண் என்பது உயிரிழந்து, ஏறும் படியும் இறங்கும் படியுமாகிய வெறும் ஏணியாகச் சுருங்கிவிடுகின்றது. இளையவர் சங்கர், ஆங்கிலேயக் கித்தார்க் கலைஞர் சான் மெக்லாலினும் கடம் இசைக்கும் விநாயக்ராமும் தபலா இசைக்கும் சாகிர் உசேனும் கூடிய 'சக்தி' என்னும் குழுவில் 1970களில் இசைத்தவற்றிலும் இக்குறை ஆங்காங்கே உண்டு. ஆயினும் அவற்றினிடையே, மற்றெல்லாரும் ஓய்ந்திருக்க வில் மட்டும் மெல்ல ஆளத்தி செய்யும் சில நொடிகள் வரும். அந்நொடிகளில் கேட்பது ஐயத்திற்கிடமின்றி நம் மண்ணின் குரல். (ஆலாபனை என்று இன்று வழங்குவதனை ஆளத்தி என்று சிலப்பதிகார உரையில் அடியார்க்குநல்லார் விரித்துரைத்திருத்தலைக் காண்க.)

எனவே கடல் கடந்தது பிழையன்று. அயலாரோடு அமர்ந்ததும் பிழையன்று. பின் எது என் நெஞ்சை உறுத்துகின்றது? பெயர்!

நியூயார்க்கில் 1985இல் ஒலித்த அப்படைப்பிற்கு அவர் இட்ட பெயர், வேத ஓதல்மேல் எழுந்த கற்பனை என்று பொருள்படுவது. வேதம் ஓதும் ஒலியின் சாயல் அதனில் இருக்கலாம்; அதனை மறுத்தற்கில்லை; படைத்தவர் தம் படைப்பிற்குப் பெயரிடும் உரிமையையும் மறுத்தற்கில்லை. ஆனால் வேத ஓதல் மூன்று ஒலிநிலைகளில் நடப்பது. குரல் முதல் தாரம் வரை ஏழும் அசைந்தும் குழைந்தும் வளரும் அந்த வில்லின் நடை அதனிலிருந்து வந்ததா? தேவாரப் பண்களை ஓதுவார் மரபும், ஊர்தோறும் கோயில் வாயிலில் இரவெல்லாம் பண் வளர்த்த நாகசுரக்காரர் மரபும் ஊட்டி வளர்த்ததன்றோ அது? அன்று அவையில் இருந்த அமெரிக்கர்க்கு இதனைச் சொன்னவர் எவர்? பழம்பஞ்சுரத்தைச் சங்கராபரணம் என்றும், முல்லைத் தீம்பாணியை மோகனம் என்றும் நாமே வழங்கிப் பழகிவிட்ட பின்னர், கடல் கடந்த நாட்டார்க்குச் சொல்ல எஞ்சியிருந்த பெயர் எது? நம் ஊரில் அதன் பெயர் கருநாடக இசை. அயல்நாட்டில் இந்திய இசை. பேரங்காடிக்குப் போனபின் உலக இசை. ஒவ்வொரு கடலைக் கடக்கும்போதும் ஒரு பெயர் கழன்று வீழ்கின்றது. முதலில் கழன்றது தமிழ்ப்பெயர்.

2025இல் இந்திய அரசு அவர்க்குப் பதும விபூசண் விருது அறிவித்தது. 1988இலும் 2001இலும் அதனினும் கீழ்நிலை விருதுகளைப் பெற்றவர் அவர். அறிவிப்புப் பட்டியலில் அவர் பெயர்க்கு நேரே இருந்த மாநிலம் கருநாடகம். பெங்களூரில் வாழ்கின்றவர்க்கு அம்மாநிலத்தைக் குறித்தது முறையே. அதனைப் பழிக்க மாட்டேன். யாழ்ப்பாணத்தில் வளர்ந்து, சென்னையில் பயின்று, கருநாடக இசை என்ற பெயரில் கருநாடக மாநிலத்தவராக ஒருவர் சிறப்பிக்கப்படும்போது, அந்தப் பட்டியலில் தமிழ் எங்கே நிற்கின்றது என்று தேடினேன், அவ்வளவே. (அவர் எக்குலம், எவ்வூர் வழியினர் என்று துருவி, தமிழரா அல்லரா என முடிவுகட்ட முனைவார் நம்மிடையேயும் உளர். அவ்வேலை நமக்கு வேண்டா. வில்லில் எழும் ஒலி தமிழ்ப்பண்ணா என்பதே நம் வினா.)

இதற்கெல்லாம் அவர் ஒருவர்மேல் பழி சாட்டிவிட்டுக் கைகழுவுதல் எளிது. நம் பங்கை எண்ணிப் பார்த்தோமா? ஆபிரகாம் பண்டிதர் தஞ்சையிலிருந்து கருணாமிர்த சாகரத்தை வெளியிட்டது 1917இல். சென்னையில் தமிழ் இசைச் சங்கம் எழுந்தது 1943இல். அவ்வியக்கம் போராடியது பாட்டின் சொல்லுக்காக. மேடையில் தமிழ்ப் பாட்டு ஒலிக்க வேண்டும் என்பதற்காக. தக்க போராட்டம், வேண்டிய போராட்டம். இளமையில் யான் கேட்ட இசையரங்கு ஒன்றில் இரண்டரை மணி நேரம் பிறமொழிப் பாட்டே நடந்து, அவை கலையும் வேளையில் தமிழ்ப் பாட்டொன்று ஏனோதானோ என்று வந்தது. அதனைத் 'துக்கடா' என்று அருகிருந்தவர் சொல்லக் கேட்டு உடல் எரிந்தவன் யான். ஆனால் வயலினுக்குச் சொல் இல்லை. சொல்லற்ற கருவிக்கு மொழிச் சண்டை ஏது என்று அதனை நாம் விட்டுவிட்டோம். அங்கேதான் தவறினோம்.

வயலினுக்குச் சொல் இல்லை என்பதும் மெய்யன்று. ஒரு பாட்டை அறிந்து இசைக்கும் நல்ல கலைஞரின் வில், பாட்டின் குறிலில் சுருங்கும், நெடிலில் நீளும், வல்லின ஒற்றில் சற்றே தடைப்பட்டு மீளும். சொல்லை மனத்துள் பாடிக்கொண்டே இசைக்கின்றார் அவர். வேற்றுமொழிப் பாட்டையே பயின்ற விரல் வேற்றுமொழியின் அசையையே அறியும். தமிழ்ப் பாட்டைப் பயின்ற விரலில்தான் தமிழின் சந்தம் ஊறும். அவ்வாறு ஊறுதற்கு நாம் என்ன செய்தோம்? எத்தனை ஊர்களில் வயலின் பயிலும் பிள்ளைக்கு முதற்பாடமாக ஒரு தேவாரப் பண்ணைக் கற்றுத் தருகின்றனர்? கேட்டுப் பாருங்கள்.

அக்குடும்பத்திலேயே இதற்கொரு சான்றுண்டு. மூத்தவர் எல். வைத்தியநாதன் திரைப்பட இசைக்குப் போனார். 'ஏழாவது மனிதன்' என்ற படத்திற்கு 1982இல் பாரதியார் பாடல்களுக்கு இசையமைத்தார். தம்பியர் ஏறிய அயல்நாட்டு மேடைகள் அவர்க்கு வாய்க்கவில்லை, 2007இல் மறைந்தார். ஆனால் அப்பாடல்களில் மேலைக் கருவிகளும் உண்டு, நம் பண்ணும் உண்டு, நடுவே பாரதியின் தமிழ் ஓரெழுத்தும் நசுங்காமல் நடக்கின்றது. கலப்பு இசை என்று எவரும் அதனைக் குறை கூறக் கேட்டிலேன். மூவருள் உலகம் குறைவாக அறிந்தவர் அவரே. தமிழ் வீடுகளில் மிகுதியாகக் கேட்கப்படுபவரும் அவரே என்பது என் எண்ணம்.

மூன்று கிழமை கழித்து அம்மாணாக்கனை அழைத்தேன். "நீ செய்வது பிழையன்று, உன் கருவி நம் நெறிக்கு அடங்கி வந்தது. அவர் செய்ததும் பிழையன்று. இரண்டு இலக்கணமும் கற்றே செய்தார். ஆனால் நீ இசைக்கும் பண்ணுக்கு என்ன பெயர்?" என்று கேட்டேன். "மோகனம், ஐயா" என்றான். "அதற்குமுன் அதற்கொரு பெயர் இருந்தது" என்று சொல்லி, முல்லைத் தீம்பாணி என்பதை அவன் குறிப்பேட்டில் எழுதிக் கொடுத்தேன். இரண்டு முறை வாய்விட்டுப் படித்தான்.

பள்ளி ஆண்டுவிழாவில் அவன் இசைத்தான். நிகழ்ச்சி நிரலை அறிவிக்கும் ஆசிரியர் என் நண்பர், நல்லவர். அவர் கையிலிருந்த தாளில் 'வயலின் – மோகன ராகம்' என்று தட்டச்சிட்டிருந்தது. மாணாக்கன் மேடைப் படியில் நின்று அவரிடம் ஏதோ சொன்னான். நண்பர் என்னைத் திரும்பிப் பார்த்துச் சிரித்துவிட்டு, எழுதுகோல் எடுத்துத் தாளைத் திருத்தினார். ஒலிபெருக்கியில் 'முல்லைத் தீம்பாணி' என்று கேட்டதும் முன்வரிசையில் இருந்த பெற்றோர் சிலர் ஒருவரையொருவர் பார்த்துக்கொண்டனர். பையன் தரையில் அமர்ந்து, கருவியின் முனையைக் காலில் ஊன்றி, வில்லை எடுத்தான்.